மனித வணிகத்தைத் தடுப்பதில் செவிலியரின் பங்கு



விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்ற இரண்டு பெண்களின் பெயர்கள் வருகின்றன. எபிரேயத் தாய்மாருக்குப் பேறுகாலம் பார்த்தவர்கள் அவர்கள். பிறக்கின்ற ஆண் குழந்தைகளை அங்கேயே கொன்றுவிட வேண்டும் என்று எகிப்திய மன்னன் அவர்களுக்குக் கட்டளையிடுகிறான். கடவுளுக்கு அஞ்சிய அவர்கள் அதைச் செய்யவில்லை. மோசே பிறப்பதற்கு முன்பே, செங்கடல் பிளப்பதற்கு வெகுகாலம் முன்பே, அடிமைத்தனத்தை முதலில் எதிர்த்து நின்றவர்கள் பேறுகால அறையில் வேலை செய்த இந்த இருவர்தாம். அந்த மன்னனைப் பார்வோன் என்ற பட்டப்பெயரால் மட்டுமே குறிப்பிடும் திருநூல், இந்த இருவரின் சொந்தப் பெயர்களைக் காத்து வைத்திருக்கிறது.

நம் பங்குகளில் செவிலியர் இல்லாத அன்பியம் அரிது. யாராவது ஒருவருடைய மகள் வேலூரிலோ பெங்களூருவிலோ குவைத்திலோ பணியில் இருப்பார். அரசு மருத்துவமனையிலும் கிராமத் துணை சுகாதார நிலையத்திலும் பணிபுரிகிறவர்கள் ஞாயிறு திருப்பலியில் நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள். மனித வணிகம் என்னும் பெருங்கொடுமையைத் தடுப்பதில் இவர்களுக்கு என்ன பங்கு உண்டு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மனித வணிகம் என்றால் என்ன?

ஆள்கடத்தல் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது பிள்ளை பிடிக்கிறவனும் அவனுடைய சாக்குப்பையும்தான். உண்மை பெரும்பாலும் அப்படி இல்லை. வேலை வாங்கித் தருகிறேன், நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன், முன்பணம் தருகிறேன் என்று அறிந்த ஒருவரே வருகிறார். யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்களும் அந்நியர் அல்லவே, கூடப்பிறந்தவர்கள்தாமே!

ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை இதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஒருவரைத் திரட்டுவது, கொண்டு செல்வது, தங்க வைப்பது போன்ற செயல் முதலாவது. மிரட்டல், ஏமாற்று, அவருடைய இயலாமையைப் பயன்படுத்துதல் போன்ற வழிமுறை இரண்டாவது. பாலியல் தொழில், கட்டாய உழைப்பு, உறுப்புகளை அகற்றுதல் போன்ற சுரண்டல் நோக்கம் மூன்றாவது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் இரண்டாவது கூறு தேவையே இல்லை. எல்லை தாண்ட வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து ஊர்ச் செங்கல் சூளையிலேயே ஒருவர் இந்த வணிகத்திற்கு இரையாகலாம்.

இந்தியா இந்த நெறிமுறையை 2011இல் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு இக்குற்றத்திற்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்று சொல்லிக் குற்றவாளி தப்ப முடியாது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது.

ஏன் செவிலியர்?

அடிமைப்படுத்தப்பட்டவர் காவல் நிலையத்திற்குப் போவதில்லை. கோவிலுக்கும் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் அவரைக் கொண்டு செல்லும் இடம் ஒன்று உண்டு. வேலை வாங்குகிறவனுக்கு அந்த உடல் தேவை. ஆகவே அவனே அழைத்து வருகிறான்.

2014இல் அமெரிக்காவில் லாரா லெடரர், கிறிஸ்டோபர் வெட்சல் ஆகிய இருவர், பாலியல் சுரண்டலிலிருந்து மீண்ட ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சை பற்றிய கேள்விக்குப் பதில் தந்தவர்களில் சுமார் 88 விழுக்காட்டினர், அடிமைப்பட்டிருந்த காலத்திலேயே ஏதோ ஒரு மருத்துவப் பணியாளரைச் சந்தித்திருந்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களே அதிகம். காயத்திற்கு மருந்து கிடைத்தது, மாத்திரை கிடைத்தது, பிறகு கூட்டி வந்தவனோடு திரும்பிப் போனார்கள். இது சிறிய ஆய்வு, ஒரு நாட்டின் ஆய்வு. அந்த எண்ணை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் அது காட்டும் திசை சரியானது என்றே நினைக்கிறேன்.

இதன் பின்னர் அங்கே நிலைமை மாறியது. துறவற சபைச் சகோதரிகள் தொடங்கிய மருத்துவமனைகளிலிருந்து வளர்ந்த டிக்னிட்டி ஹெல்த் என்ற குழுமம் 2014இல் தன் பணியாளர் அனைவருக்கும் இதற்கெனப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலம் 2020 செப்டம்பர் முதல், நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் செவிலியர் தம் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் மனித வணிகத் தடுப்புப் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும் என்று விதித்தது. புளோரிடாவிலும் இதுபோன்ற விதி உண்டு.

மருத்துவர் ஏன் இல்லை என்று கேட்கலாம். மருத்துவரும் செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் நம் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்க முடிவது இரண்டு மூன்று நிமிடம்தான். எடை பார்ப்பவர், இரத்த அழுத்தம் பார்ப்பவர், ஊசி போடுபவர், ஆடை மாற்றி விடுபவர், இரவு முழுவதும் வார்டில் நடப்பவர் செவிலியர். ஆடைக்குள் மறைந்திருக்கும் தழும்பை முதலில் காண்பதும் அவரே. சூடானில் சிறுமியாகப் பிடித்து விற்கப்பட்ட புனித ஜோஸ்பின் பகித்தாவின் உடலில் எசமானர்கள் கீறிய வடுக்கள் இறுதிவரை இருந்தன. தன் பெற்றோர் இட்ட பெயரையே அச்சத்தில் மறந்துபோன அந்தப் பெண்ணின் வரலாற்றை அவருடைய உடல் சொல்லிக்கொண்டிருந்தது. நம் மக்கள் செவிலியரை 'சிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள், அவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவராக இல்லாவிட்டாலும். அந்த அழைப்பில் இருக்கும் நம்பிக்கை வேறு எந்த அலுவலருக்கும் கிடைக்காதது.

எதைக் கவனிப்பது?

கூட வந்தவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது, நோயாளிக்குத் தான் தங்கியிருக்கும் இடத்தின் முகவரி தெரியாமல் இருப்பது, ஆதார் அட்டையும் கைப்பேசியும் வேறொருவர் கையில் இருப்பது, சொல்லும் காரணத்திற்குப் பொருந்தாத காயம், பல மாதமாக வைத்தியம் பார்க்காத பழைய எலும்பு முறிவு, அடுத்தடுத்த கருச்சிதைவு, மீண்டும் மீண்டும் வரும் பால்வினை நோய், பதினெட்டு என்று சொல்லும் வயதும் பதினான்காகத் தெரியும் முகமும், ஒரே ஒப்பந்தக்காரர் மாதந்தோறும் வெவ்வேறு பெண்களை அழைத்து வருவது. இவையெல்லாம் பயிற்சி ஏடுகளில் சொல்லப்படும் அடையாளங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேலைநாட்டுப் பட்டியல்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசாதது ஓர் அடையாளம் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் மருத்துவமனைக்கு முதன்முறை வரும் கிராமத்துப் பெண் யார் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்? மருமகளுக்கு என்ன செய்கிறது என்று மாமியாரே சொல்வதும், மனைவிக்கு எத்தனை மாதம் என்று கணவரே சொல்வதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. அது சரியா என்பது வேறு கேள்வி. அதை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. ஓர் அடையாளம் போதாது. பல அடையாளங்கள் ஒன்றுசேரும்போது மனதில் ஒரு கேள்வி எழ வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது?

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் யாயிரின் மகளை இயேசு உயிர்ப்பிக்கும் நிகழ்வை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சிறுமியே எழுந்திடு என்று பொருள்படும் 'தலித்தா கூம்' என்ற சொல்லைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் இயேசு செய்த இரண்டு சிறு செயல்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முதலில் அவர் கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். கடைசியில் அந்தச் சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொல்கிறார்.

செவிலியர் செய்ய வேண்டியதும் கிட்டத்தட்ட இதுவே. கூட வந்தவரை வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை. அதைச் சந்தேகம் தோன்றாதபடி செய்ய வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். எக்ஸ்ரே அறைக்குள் நோயாளி மட்டும்தான் வரலாம் என்று சொல்லலாம். உள் பரிசோதனைக்குத் திரைக்குப் பின்னால் கூட்டிச் செல்லலாம். எல்லா நோயாளிகளையும் சிறிது நேரமாவது தனியே பார்ப்பது மருத்துவமனையின் பொது வழக்கமாகிவிட்டால் இன்னும் நல்லது; அப்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பிறகு கேள்விகள். 'உன்னை யாராவது விற்றுவிட்டார்களா' என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. தன்னை அடிமை என்று நினைப்பவர் மிகக் குறைவு. கடன்பட்டிருக்கிறேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றே நினைப்பார்கள். எனவே சிறிய, சாதாரண கேள்விகள் போதும். ராத்திரி எங்கேம்மா படுக்கிறீங்க? கதவை வெளியே பூட்டுவாங்களா? சம்பளம் உங்க கைக்கு வருதா, வேற யார்கிட்டயாவது போகுதா? ஊருக்குப் போகணும்னா போக முடியுமா? அம்மாகிட்டக் கடைசியா எப்போ பேசினீங்க?

ஒடிசா, ஜார்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு வரும் இளம்பெண்களுக்குத் தமிழ் தெரியாது. அழைத்து வந்த மேற்பார்வையாளரையே மொழிபெயர்க்கச் சொன்னால் அங்கேயே எல்லாம் முடிந்தது. மருத்துவமனையில் அந்த மொழி தெரிந்த வேறு ஒருவரைத் தேட வேண்டும். யாரும் இல்லாவிட்டால் தொலைபேசியில் ஒருவரைப் பிடிக்கலாம். வடமாநிலங்களில் பணிபுரிந்து திரும்பிய அருள்சகோதரிகள் நம் மறைமாவட்டங்களில் இருக்கிறார்கள். இந்த உதவிக்கு அவர்களை அணுகலாம் என்பது என் எண்ணம்.

வயதுவந்த ஒருவர் இப்போது எதுவும் வேண்டாம் என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் தங்கையை மிரட்டி வைத்திருக்கிறார்களா, போனால் என்ன நடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். உதவி எண்ணை வாயால் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அதுவே அவருக்கு அடி வாங்கித் தரும். கூட வந்தவனோடு வாக்குவாதம் செய்வது, தனியாளாகக் காப்பாற்றக் கிளம்புவது, 'நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதே' என்று நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுப்பது ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். கண்டதைக் கண்டபடி, நோயாளி சொன்ன சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதி வைப்பது பின்னாளில் நீதிமன்றத்தில் பெரிதும் உதவும்.

18 வயதுக்கு உட்பட்டவர் பாலியல் குற்றத்திற்கு ஆளாகியிருக்கிறார் என்றால் நிலைமை வேறு. அங்கே தேர்வு செய்ய இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. பள்ளியின் பெயர், மடத்தின் பெயர், குடும்பத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற பேச்சுக்குச் சட்டத்திலும் இடமில்லை, நற்செய்தியிலும் இடமில்லை.

நம் மண்ணில்

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது பலருக்கும் தெரியும். மூன்று ஆண்டு வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, திருமணத்திற்கு உதவும் என்று சொல்லி வளரிளம் பெண்களை ஆலை விடுதிகளில் சேர்த்தார்கள். மூன்றாம் ஆண்டு முடியும் முன் உடல் நலம் கெட்டு வீடு திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதுண்டு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் ஆயத்த ஆடை ஆலைப் பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், வேலை நிற்காமல் இருக்க, பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்தார்கள் என்பது அச்செய்தி. ஆலையின் முதலுதவி அறையில் ஒரு செவிலியர் இருந்தால், அவர் கொடுக்கும் மாத்திரை யாருடைய நலனுக்கு என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே திருமுழுக்குச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைக்கு அனுப்ப வேண்டும், வயதைக் கொஞ்சம் கூட்டி எழுதித் தாருங்கள் சாமி என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. எந்தப் பங்குத்தந்தையைக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பெற்றோரைத் திட்டி அனுப்புவதால் பயனில்லை. எந்த ஆலை, யார் அழைத்துப் போகிறார், எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள் என்று உட்கார வைத்துக் கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருக்கும் குடும்பங்களின் நடுவே தடுப்பூசி போடவும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் செல்லும் உரிமை கிராம சுகாதார செவிலியருக்கு உண்டு. உரிமையாளர் வேறு யாரையும் வளாகத்திற்குள் விடமாட்டார், தடுப்பூசிப் பெட்டியோடு வரும் செவிலியரை விடுவார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்திருப்பது குற்றம் என்றும், கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் வழங்கினால் அந்தக் கடனே இல்லாமல் போகும் என்றும் அறிந்த ஒரு செவிலியர், தான் கண்டதை மாவட்ட நிர்வாகத்தின் காதுக்குக் கொண்டு போக முடியும்.

குழந்தை விற்பனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில், செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண், பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசும் தொலைபேசி ஒலிப்பதிவு வெளியாகி மாநிலமே அதிர்ந்தது. செவிலியரைப் போற்றும் கட்டுரையில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். யாருக்குக் குழந்தை வேண்டாத சுமை, யாருக்குக் குழந்தை இல்லாத ஏக்கம் என்ற இரண்டும் தெரிந்தவர் செவிலியர். அந்த அறிவை விற்கவும் முடியும், காக்கவும் முடியும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவு செய்து எண் வழங்குவதும், அந்த எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்பதும் இதற்கு ஒரு தடுப்புச்சுவர். பதிவேட்டில் கர்ப்பிணி இருக்கிறார், குழந்தை இல்லை. அல்லது கர்ப்பமே இல்லாத வீட்டில் திடீரென்று தொட்டில் ஆடுகிறது. இதைக் கவனிக்கக்கூடியவர் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைத் தவிர வேறு யார்?

குழந்தையை வளர்க்க வழியில்லாத தாய்க்குச் சட்டப்படியான பாதை இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்திற்குள் திரும்பப் பெறலாம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் உண்டு. தரகர் வந்து பேசும் முன்பாக இந்தச் செய்தி அந்தத் தாயின் காதில் விழ வேண்டும்.

செவிலியரே இரையாகும்போது

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்காகக் கடன் வாங்கிப் பல இலட்சம் கொடுத்து ஏமாந்த செவிலியர் கதைகள் நமக்குப் புதிதல்ல. குவைத்துக்கு ஆள் எடுப்பதில் நடந்த பெரும் மோசடி 2015இல் வெளிவந்த பின், குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசு முகமைகள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று நடுவண் அரசு ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அப்படி நியமிக்கப்பட்டது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர், வேலையை விட்டால் 25,000 டாலர் அபராதம் என்ற ஒப்பந்தத்தால் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். அது மனித வணிகத் தடுப்புச் சட்டத்திற்கு மாறானது என்று 2019இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதும், அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைப்பதும் நம் நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றிலேயே நடந்திருக்கிறது. தன் சான்றிதழைத் திரும்பக் கேட்கத் துணியாத செவிலியர், எதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது என்று எப்படிக் கேட்பார்?

திருஅவையின் முயற்சிகள்

மனிதரை அடிமையாக்குவதும் பெண்களையும் சிறுவரையும் விற்பதும் படைத்தவருக்கே இழுக்கு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே அறிவித்தது. பன்னாட்டுத் துறவறத் தலைவியர் ஒன்றியம் 2009இல் 'தலித்தா கூம்' என்ற பெயரிலேயே அருள்சகோதரிகளின் வலையமைப்பை உருவாக்கியது. ஆசிய நாடுகளிலும் அது பணி செய்கிறது. புனித பகித்தாவின் திருநாளான பிப்ரவரி 8ஐ மனித வணிகத்திற்கு எதிரான இறைவேண்டல் நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். 2015 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. 1943இல் மருத்துவரான அருள்சகோதரி மேரி குளோரி முன்னின்று தொடங்கிய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தின் கீழ் நாடெங்கும் நம் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன. அவற்றோடு இணைந்த செவிலியர் பள்ளிகளில் இந்தப் பாடம் ஒரு நாள் கருத்தரங்காக நின்றுவிடாமல், பேறுகாலப் பாடத்தோடும் அவசர சிகிச்சைப் பாடத்தோடும் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும்.

பங்குகளில் செய்யக்கூடியது எளிது. பிப்ரவரி 8 அல்லது செவிலியர் நாளான மே 12ஐ ஒட்டிய ஞாயிறன்று, பங்கில் உள்ள செவிலியரை ஒன்றாக அமர்த்தி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரையும் காவல் துறையின் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவினரையும் அழைத்துப் பேச வைக்கலாம். முகம் தெரிந்த ஒரு அதிகாரி இருந்தால் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்கக் கை தயங்காது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்திற்கும் 112. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தரும் சகி மையம் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கிறது. இந்த எண்களை மருத்துவமனைகளின் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைக்கலாம். கூட வந்தவன் நுழைய முடியாத இடம் அது ஒன்றுதான்.